எனக்கு மட்டும் ஒரு காகிதம்

நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். எழுதிப் பழக்கமில்லை. கோபம் இன்னும் போகவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அந்தமானில் பாம்பூஃப்ளாட்டுக்கும் சாத்தமுக்கும் நடுவில் ஓடும் ஃபெர்ரியில் எனக்கு என்ஜின் அறையில் வேலை. கிரீசராகச் சேர்ந்தேன். எண்ணெய் துடைத்துத் துடைத்து என்ஜின் டிரைவர் ஆனேன். மேலே ஜனங்கள் காற்று வாங்கிக்கொண்டு போவார்கள். கீழே எனக்குக் கடல் தெரியாது. மணிதான் தெரியும். மேலிருந்து மணி வரும். அதற்குத் தகுந்தபடி முன்னால் போட வேண்டும், இல்லை பின்னால் போட வேண்டும், இல்லை நிறுத்த வேண்டும். காது மணியில் இருக்கும். கண் எண்ணெய் மீட்டரில் இருக்கும். கை லீவரில் இருக்கும். மூன்றும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். ஒன்று முடிந்த பிறகு ஒன்று என்றால் போட், அதைக் கட்டும் ஜெட்டியில் போய் மோதும்.

என்ஜின் அறைக்கு இறங்கும் படிக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு உண்டு. புகை வாசனைக்குப் பயந்து மற்றவர்கள் அங்கே உட்கார மாட்டார்கள். மூன்று பேர் மட்டும் தினமும் உட்கார்வார்கள். ஒருவன் அரசு ஆபீசில் கிளார்க். அவன் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். இவன் இங்கேயே பிறந்தவன். பேச்சு மட்டும் அப்பாவுடையது. என்னை அண்ணாச்சி என்பான். இன்னொருத்தி அபர்தீன் பஜாரில் ஒரு தையல் கடையில் வேலை பார்க்கிறவள். அவள் குடும்பம் இலங்கைத் தோட்டத்திலிருந்து கச்சால் தீவுக்கு வந்து ரப்பர் வெட்டிய குடும்பம். எனக்குத் தங்கச்சி முறை மாதிரி. மூன்றாவது ஆள் வங்காளி. காய்கறிக் கூடையோடு மார்க்கெட்டுக்குப் போகிறவர். எல்லோருக்கும் அவர் தாதா. வங்காளியில் அண்ணன். அவரிடம் ஹிந்திதான், நடுவில் கொஞ்சம் தமிழ்.

இந்த மூவரும் சுடோகு போடுவார்கள். எனக்கு அதைப் பழக்கியதும் இந்தப் பெஞ்சுதான். போட் கட்டி நிற்கும் நேரத்தில் மேலே வருவேன். கிளார்க் காகிதத்தை நீட்டுவான்.

சாதா சுடோகு எல்லோருக்கும் தெரியும். ஒன்பது வரிசை. ஒன்று முதல் ஒன்பது வரை. குறுக்கே, நெடுக்கே, சின்னப் பெட்டிக்குள்ளே, எங்கேயும் ஒரு எண் இரண்டு தடவை வரக் கூடாது. அவ்வளவுதான். அது எங்களுக்குச் சீக்கிரம் சலித்துவிட்டது. கிளார்க் போனில் தேடினான். உலகத்தில் யார் யாரோ இதற்கென்றே உட்கார்ந்து புது ரூல் கட்டுகிறார்கள். அதையெல்லாம் கொண்டுவந்தான். நாங்கள் எங்கள் இஷ்டத்துக்குப் பெயர் வைத்தோம்.

குதிரை என்றால், சதுரங்கக் குதிரை பாயும் இடத்தில் அதே எண் இருக்கக் கூடாது. ஏணி என்றால், கோடு போட்ட கட்டங்களில் அடியிலிருந்து நுனிவரை எண் ஏறிக்கொண்டே போக வேண்டும். கூண்டு என்றால், எண் கொடுக்க மாட்டார்கள், கூட்டுத்தொகை மட்டும் கொடுப்பார்கள். எனக்குப் பிடித்தது டிக்கெட். ஒவ்வொரு வரிசையிலும் முதல் எண்தான் டிக்கெட். அந்த வரிசையில் ஒன்று எந்த சீட்டில் உட்கார்ந்திருக்கிறது என்று அது சொல்லும். முதல் எண் ஆறு என்றால், ஆறாவது கட்டத்தில் ஒன்று.

பொய்க் கூண்டு என்றும் ஒன்று போடுவோம். கூண்டுகளில் ஏதோ ஒன்றின் கூட்டுத்தொகை பொய். எது என்று கண்டுபிடிக்க வேண்டும். பொய் இருக்கிறது என்று மேலேயே எழுதியிருக்கும்.

ரூல் கூடினால் எண் குறையும். இதை நினைவில் வைக்க வேண்டும். சாதா சுடோகுவில் முன்கூட்டியே நிறைய எண் நிரப்பித் தருவார்கள். கூடுதல் ரூல் உள்ள கட்டத்தில் அது தேவையில்லை. நாலைந்து எண்தான் இருக்கும். சில நாள் ஒன்றுமே இருக்காது. மீதி வேலையை ரூல் செய்யும். ரூலை விட்டுவிட்டால் ஒரு அடி நகர முடியாது.

காலை போட்டில் கேள்வி. சாயங்காலப் போட்டில் விடை. இதுதான் பெஞ்சின் பழக்கம். முடிக்காதவன் மற்றவர்களுக்கு டீ வாங்க வேண்டும். தாதாதான் அதிகம் வாங்கியவர்.

"தாதா, நீங்க டீக்கடையே வச்சிரலாமே," என்பாள் தங்கச்சி.

"தும் லோக் மதராஸி எல்லாம் சேர்ந்து சீட்டிங்," என்று அவர் சிரிப்பார்.

பிறகு எனக்கு உடம்பு கெட்டது.

ஒரு நாள் காலை பல் தேய்க்கும் பிரஷ் கையிலிருந்து விழுந்தது. குனிந்து எடுக்கப் போனேன். கை எடுக்கவில்லை. மனைவியைக் கூப்பிட்டேன். வேறு ஏதோ சத்தம் வந்தது. ஆஸ்பத்திரியில் மூளையில் ரத்தம் அடைத்துவிட்டது என்றார்கள். பேச்சு திரும்பியது. கால் திரும்பியது. கையும் பெரும்பாலும் திரும்பியது. தலைக்குள் என்ன திரும்பியது, என்ன திரும்பவில்லை என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல அவர்களுக்கும் தெரியாது.

கைப்பயிற்சிக்காக போர்ட் பிளேர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. நான் ஓட்டிய அதே போட்டில் பயணியாகப் போனேன். கீழே வேறு ஒருவன். மணி சத்தம் காலடியில் கேட்கும். என் கை தானாக அசையும். சட்டைப் பைக்குள் விட்டுக்கொள்வேன்.

பெஞ்சில் முதல் நாள் கிளார்க் காகிதம் தந்தான். குதிரை ரூல். நான் பார்த்தேன். வரிசையைப் பார்த்தால் குதிரை மறந்தது. குதிரையைப் பார்த்தால் பெட்டி மறந்தது. சாயங்காலம் காகிதத்தைக் கிழித்துக் கடலில் போட்டேன். யாரும் டீ கேட்கவில்லை. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாள் வீட்டில் சோற்றுத் தட்டை வீசினேன். பல நாள் பேசவில்லை. சாப்பிட்டது கொஞ்சம்.

அப்போது மனதில் ஒன்று முடிவு செய்துகொண்டேன். டாக்டர் கையைத் தூக்கச் சொல்கிறார், நடக்கச் சொல்கிறார். என்ஜின் அறைக்கு அது போதாது. இரண்டு மூன்று விஷயத்தை ஒன்றாகத் தலையில் பிடிக்க முடிகிறதா என்று பார்க்க என்னிடம் இருந்தது இந்தக் கட்டம்தான். பெஞ்சின் கட்டத்தை முன்போல முடித்தால் கீழே இறங்குவேன். முடிக்காவிட்டால் இறங்க மாட்டேன். மேலே முந்நூறு நானூறு உயிர் இருக்கும் போட். விளையாட்டில்லை.

போன் விரலுக்குப் படியவில்லை. தொட்டால் வேறெங்கோ போகும். பட்டன் போனுக்கு மாறினேன். அந்த நேரம் பார்த்துப் பெஞ்சு வாட்ஸ்அப்புக்கு மாறியது.

"எல்லாருக்கும் போன்ல அனுப்பிருதேன். அண்ணாச்சிக்கு மட்டும் காகிதம். எல்லாம் ஒண்ணுதான்," என்றான் கிளார்க்.

எல்லாம் ஒன்றுதான் என்றான். இதை நான் மறக்கவில்லை.

அந்தக் காகிதத்தில் ரூல் புதிது புதிதாக வந்தது. மூலை இரண்டும் சேர்ந்தால் ஒற்றைப்படை. கடைசி வரிசையில் மூன்றும் நாலும் பக்கத்தில் வராது. இப்படி. ஒரு நாள் முடித்தேன். எத்தனை காலத்துக்குப் பிறகு! கிளார்க் சரிபார்த்து, "பிரமாதம் அண்ணாச்சி," என்றான். தாதா தோளில் தட்டினார். தங்கச்சி வெளியே தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று வீட்டில் இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

பிறகு தினமும் முடித்தேன். சில நாள் ஆஸ்பத்திரி போவதற்குள் முடிந்தது.

மெடிக்கல் போர்டுக்கு எழுதிக் கொடுத்தேன். போர்டு ஃபிட் என்று சொன்னால் பழைய வேலை. அடுத்த வாரம் வரச் சொல்லித் தகவல் வந்தது. பெஞ்சில் சொன்னேன். தாதா கைதட்டினார். கிளார்க், "நல்லா யோசிச்சுக்கிடுங்க அண்ணாச்சி," என்றான். அவ்வளவுதான் சொன்னான். வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு அதை மட்டும் சொன்னான்.

அந்த வாரம் மழை. காலையில் சாத்தமில் இறங்கும்போது நனைந்தேன். சட்டைப் பையிலிருந்த காகிதமும் நனைந்தது. ஆஸ்பத்திரியில் என் முறை வர நேரமாகும். காகிதத்தை மெதுவாகப் பிரித்து, முழங்காலில் வைத்து உலர்த்திக்கொண்டே போட்டேன். நன்றாக ஓடியது. ஒரு இடத்திலும் நிற்கவில்லை. முடித்துவிட்டுப் பேனாவை மூடினேன்.

அப்புறம்தான் அடியைப் பார்த்தேன். ரூல் எழுதியிருந்த இடம் மை கலைந்து நீலமாக இருந்தது. ஒரு எழுத்து தெரியவில்லை.

நான் ரூலைப் படிக்கவே இல்லை.

முதலில் சந்தோஷம் வந்தது. அதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. ரூல் இல்லாமலே முடிக்கிற அளவுக்குத் தேறிவிட்டேனா என்று நினைத்தேன். அப்படி நினைத்த தலையை என்ன சொல்ல. பிறகு கட்டத்தைப் பார்த்தேன். கிளார்க் மையில் எழுதித் தந்த எண்கள், நான் எழுதிய எண்கள். அவன் தந்தது எவ்வளவு? எல்லாப் பெட்டியிலும் இருந்தது. மூன்று, நாலு என்று ஒவ்வொரு பெட்டியிலும். இவ்வளவு எண் இருந்தால் ரூல் எதற்கு? இது சாதா சுடோகு. பேப்பரில் வருவது. பின்பக்கம் ஜோசியத்துக்குப் பக்கத்தில் வருவது.

உடம்பு கெடுவதற்கு முன்னால் என்றால் காகிதத்தை வாங்கும்போதே கண்டுபிடித்திருப்பேன். ஒரு பார்வை போதும். இப்போது இத்தனை நாள் கையில் வைத்திருந்தும் தெரியவில்லை.

பயிற்சிக்குக் கூப்பிட்டார்கள். போகவில்லை. ஜெட்டிக்கு வந்து சாயங்காலப் போட் வரும்வரை நின்றேன்.

மூவரும் வந்தார்கள். போட் கிளம்பியது. நான் கிளார்க்கைப் பார்த்து, "இன்னிக்கு ரூல் என்ன?" என்றேன்.

"ஏன் அண்ணாச்சி, எழுதியிருந்தேன்லா?"

"நனைஞ்சு போச்சு. சொல்லு."

"நடுப்பெட்டியில நாலு மூலையையும் கூட்டினா இருபது."

பார்த்தேன். மூன்று, எட்டு, இரண்டு, ஏழு. கூட்டினால் இருபதுதான். சரியாகத்தான் இருந்தது. அதுதான் கொடுமை.

தாதாவிடம் திரும்பினேன். "தாதா, போனைக் காட்டுங்க. இன்னிக்கு வந்தத."

"தேக்கோ பாய்," என்று நீட்டினார். அவருக்கு ஒன்றும் தெரியாது. அவர் முகமே சொன்னது.

போனில் கட்டம் வெறுமையாக இருந்தது. மூன்றே மூன்று எண். மேலே குதிரை, டிக்கெட், இரண்டும். தாதா அதில் ஒரு கால்வாசிகூட நிரப்பவில்லை. என் காகிதத்தை அதன் பக்கத்தில் வைத்தேன். தாதா இரண்டையும் பார்த்தார். "ஆப்கா அலக் ஹை க்யா? உங்களுக்கு வேறயா?" என்றார்.

"வேறதான்," என்றேன். கிளார்க்கிடம், "இதை எப்படிச் செஞ்ச?" என்றேன்.

"அண்ணாச்சி, மொதல்ல உக்காருங்க. எல்லாரும் பாக்காவ."

"பாக்கட்டும். எப்படிச் செஞ்ச?"

தங்கச்சிதான் பேசினாள். "சொல்லித் தொலைங்க சார். எத்தன நாளைக்குத்தான் மூடி வைக்கிறது? நான் அப்பவே சொன்னேன், இது வெளங்காதுன்னு."

"நீயும் கூட்டா தங்கச்சி?"

"கூட்டுத்தான் அண்ணே. தெரிஞ்சுக்கிட்டு வாயப் பொத்திக்கிட்டு இருந்தா அதுக்குப் பேரு வேற என்னா?"

கிளார்க் கர்சீப்பை எடுத்து முகத்தைத் துடைத்தான். "பேப்பர்ல வர்ற சாதா சுடோகுவ எடுப்பேன் அண்ணாச்சி. விடையப் பாப்பேன். விடையில ஏதாச்சும் ஒண்ணு தற்செயலா ஒத்து வரும்லா, நாலு மூலை, கடைசி வரிசைன்னு. அத ரூலுன்னு கீழ எழுதிருவேன்."

சட்டையைத் தைத்து முடித்துவிட்டு அளவெடுத்திருக்கிறான். அந்த ரூலை வைத்துக்கொண்டாலும் ஒன்று, எடுத்துவிட்டாலும் ஒன்று. நான் அதைத் தினமும் இரண்டு தடவை படித்து, மனப்பாடம் செய்து, அதன்படி நடந்ததாக நினைத்திருக்கிறேன்.

"சாதா சுடோகு போடுங்கன்னு குடுத்திருந்தா போட்டிருப்பேன்," என்றேன். "அதுவே எனக்குப் பெரிசு. அத முடிச்சதுக்கே சந்தோசப்பட்டிருப்பேன். அதக்கூட என் சந்தோசமா இருக்க விடல நீ."

"நல்லதுக்குத்தான் அண்ணாச்சி..."

"பொய்க் கூண்டு போடுறப்ப மேல எழுதுவோமா இல்லையா, பொய் இருக்குன்னு?"

அவன் தலையை ஆட்டினான்.

"அடுத்த வாரம் போர்டுக்குப் போறேன்னு சொன்னேன். இந்தப் பெஞ்சுலதான் சொன்னேன். கேட்டுக்கிட்டுத்தானே இருந்த?"

"டாக்டரு பாத்துக்கிடுவாருன்னு நெனச்சேன்."

"டாக்டர் கையத் தூக்கச் சொல்வார். எனக்குத் தலை வேலை செய்யுதான்னு நான் இதுலதான் பாத்துக்கிட்டு இருந்தேன். கீழ இறங்கி நான் முன்னால போடுறத பின்னால போட்டா யார் சாவா? இந்தப் பெஞ்சுலதான உக்காந்திருப்ப. ஒம் பிள்ளைங்க பள்ளிக்கூடம் போறதும் இதுலதான."

தாதா என் கையைப் பிடித்தார். "பாய், குஸ்ஸா மத் கரோ. கோபம் வேணாம். பி.பி. ஏறும்."

"ஏறட்டும்."

பக்கத்து சீட்டில் இருந்த ஆட்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். ஒருவன், "என்ன தகராறு, காசா?" என்று கேட்டான். "சுடோகு," என்றாள் தங்கச்சி. அவன் நம்பாமல் நின்றான்.

அப்போது கிளார்க் மெதுவாகச் சொன்னான். "நானா செய்யல அண்ணாச்சி. மதினிதான் ஆபீஸ் வாசல்ல வந்து நின்னு அழுதாவ."

"யாரு?"

"மதினி. ஒங்க வீட்ல."

போட்டை ஜெட்டியில் கட்டினார்கள். நான் யாரிடமும் சொல்லாமல் இறங்கினேன்.

வீட்டில் அவள் முற்றத்தில் சூரை மீனை அறுத்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் அருவாமனையை நகர்த்தி வைத்தாள். அப்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"நீ அவன் ஆபீசுக்குப் போனியா?"

"போனேன்."

"எதுக்கு?"

"நீங்க சோறு திங்கிறதுக்கு."

"என்னைய முட்டாளாக்கி வச்சுத்தான் சோறு போடணுமா?"

"தட்டத் தூக்கி எறிஞ்சீங்க. பேசல. அந்தச் சுவத்தையே பாத்துக்கிட்டுக் கெடந்தீங்க. எனக்கு என்ன தெரியும்? அந்தக் கட்டம் வரலைன்னுதான் இப்பிடிக் கெடக்காருன்னு தெரிஞ்சுச்சு. வர்ற மாதிரி குடுங்கன்னு கேட்டேன். குடுத்தாரு. நீங்க எந்திரிச்சீங்க. பேசுனீங்க. அது தப்பா?"

"போர்டுக்கு எழுதிக் குடுத்தேனே. அப்ப சொல்லியிருக்கலாம்ல?"

அவள் மீன் செதில் ஒட்டிய கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள். "வேலைக்குப் போனா பழையபடி ஆயிருவீங்கன்னு நெனச்சேன்."

"ஜெட்டியில போய் மோதினா?"

"அப்பிடியெல்லாம் எதுக்குங்க நெனைக்கணும்?"

எதற்கு நினைக்கணுமாம். அதை நினைப்பதுதான் என் வேலை. அதற்குத்தான் எனக்குச் சம்பளம். இதை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் இன்னும் பெரிய வார்த்தை வந்துவிடும் போலிருந்தது. வெளியே போய் நின்றேன்.

அவள் மேல் எனக்கு இருந்தது ஒரு கோபம். கிளார்க் மேல் இருந்தது வேறு கோபம். அவளுக்குக் கட்டம் தெரியாது. ரூல் தெரியாது. புருஷன் சாப்பிடவில்லை என்பது தெரியும். அவனுக்கு எல்லாம் தெரியும். ரூல் கூடினால் எண் குறையும் என்பது தெரியும். நான் என்ன கணக்கில் அதைப் போடுகிறேன் என்பதும், போர்டுக்கு எழுதிய பிறகாவது, தெரியும். தெரிந்துகொண்டு, தினமும் காலையில் உட்கார்ந்து, விடையைப் பார்த்து, அதற்கு ஒரு பொய் ரூலைத் தேடியிருக்கிறான். அதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? உண்மையான கட்டம் தேடுவதைவிட அதிகமாக ஆகும். இரக்கத்துக்கு இவ்வளவு உழைப்பு. அந்த உழைப்பை நினைத்தால்தான் எனக்கு இன்னும் எரிகிறது.

மறுநாள் தங்கச்சியிடம் கேட்டேன். தாதா போனில் இருந்த அதே கட்டம் வேண்டும். குதிரை, டிக்கெட். ஒரு எண் கூட வேண்டாம், ஒரு எண் குறைய வேண்டாம். அவள் துணிக்கு அடையாளம் போடும் ஸ்கேலை வைத்துத் தாளில் கட்டம் போட்டு, மூன்று எண்ணையும் எழுதித் தந்தாள்.

"அண்ணே, கஷ்டமா இருக்கும்," என்றாள்.

"கஷ்டம்னு நீ சொன்ன பாரு. அது போதும்."

போர்டுக்கு இன்னும் சில நாள் இருந்தது. பகலெல்லாம் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பென்சிலால் போட்டேன். அழித்தேன். ஒரு இடத்தில் தாள் ஓட்டையாகிவிட்டது. பின்பக்கம் ஒட்டுப் போட்டு எழுதினேன். டிக்கெட்டைப் பிடித்துக்கொண்டு ஒன்றுகளை எல்லாம் உட்கார வைத்தேன். அது வந்தது. பழைய காலத்து வேகம் இல்லை. ஆனால் வந்தது. அப்புறம் இரண்டு, மூன்று. மெதுவாக நிரம்பியது. மனைவி பக்கத்தில் டம்ளரை வைத்துவிட்டுப் போவாள். நான் நிமிர்ந்து பார்க்காமல் எடுத்துக் குடிப்பேன்.

போர்டுக்கு முந்தின நாள் முடித்தேன். எல்லாக் கட்டமும் நிறைந்திருந்தது. குறுக்கே பார்த்தேன், சரி. நெடுக்கே பார்த்தேன், சரி. பெட்டி சரி. டிக்கெட் சரி. சாயங்காலப் போட்டுக்குப் போய்த் தங்கச்சியிடம் நீட்டினேன். கிளார்க் பெஞ்சின் கோடியில் இருந்தான். அவனிடம் நீட்டவில்லை.

அவள் விரலை வைத்துக்கொண்டே போனாள். ஒரு இடத்தில் விரல் நின்றது.

"என்ன?" என்றேன்.

"அண்ணே, இங்க பாருங்க. மூணாவது வரிசையில நாலாவது கட்டத்துல ஏழு. அஞ்சாவது வரிசையில அஞ்சாவது கட்டத்துலயும் ஏழு. குதிரை பாயுதுண்ணே."

பார்த்தேன். பாய்ந்தது. பச்சைப் பிள்ளைக்கும் தெரியும் பாய்ச்சல். வரிசை சரி, பெட்டி சரி, குதிரை தப்பு. அந்த இரண்டு ஏழையும் முதல் நாளே எழுதியிருந்தேன். அத்தனை நேரம் அதன் மேல்தான் கண்ணை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மற்றதைப் பிடிக்கும்போது குதிரை கையை விட்டுப் போயிருக்கிறது. போனது எனக்குத் தெரியவும் இல்லை.

"ஒண்ணுதாண்ணே. மத்த தொண்ணூறு சதம் சரியாத்தான் இருக்கு," என்றாள்.

"கீழ தொண்ணூறு சதம் கெடையாது தங்கச்சி."

அவள் தாளை மடித்துத் திருப்பித் தந்தாள். ஆறுதல் சொல்லாததற்கு நன்றி. மனதில்தான். வாயால் சொல்லவில்லை.

போர்டில் மூன்று டாக்டர்கள் இருந்தார்கள். கையைத் தூக்கச் சொன்னார்கள். தூக்கினேன். கண்ணை மூடி நிற்கச் சொன்னார்கள். நின்றேன். என்ன மாதம் என்று கேட்டார்கள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்கள். கழித்தேன். ஒன்று முடிந்து ஒன்று. ஒவ்வொன்றாகக் கேட்டால் எல்லாம் எனக்கு வரும். நடுவில் இருந்தவர் பேனாவை எடுத்தார். "ஃபிட்," என்றார்.

"சாப், என்ஜினுக்கு வேண்டாம்," என்றேன்.

அவர் நிமிர்ந்தார். ஹிந்தியில் கேட்டார். "நீங்கள்தானே எழுதிக் கொடுத்தீர்கள்? கை கால் நன்றாக இருக்கிறதே. என்ன பிரச்சினை?"

"ரெண்டு விஷயத்த ஒரே நேரத்துல பிடிக்க முடியல சாப். ஒண்ணப் பிடிச்சா ஒண்ணு போயிருது. போறது எனக்குத் தெரியவும் மாட்டேங்குது."

"எப்படித் தெரியும் உங்களுக்கு?"

சுடோகு என்று சொல்ல வாய் வரவில்லை. "தெரியும் சாப்," என்றேன்.

அவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். "எல்லோரும் ஃபிட் போடுங்கள் என்று காலைப் பிடிப்பார்கள். இவர் ஃபிட் போட்டால் சண்டைக்கு வருகிறார்." எனக்குச் சிரிப்பு வரவில்லை. கரை வேலை என்று எழுதினார். கையெழுத்துப் போட்டேன். அந்தக் கையெழுத்து மட்டும் நேராக வந்தது.

இப்போது ஜெட்டியில், போட்டில் ஏறும் வண்டிகளை வரிசையில் விடும் வேலை. முதலில் லாரி, அப்புறம் ஜீப், அப்புறம் பைக். ஒன்று முடிந்து ஒன்று. பைக் ஓட்டுகிறவர்கள் வரிசையில் நிற்க மாட்டார்கள். அவர்களைத் திட்டுவது என் வேலையில் சேர்ந்தது. நன்றாகவே செய்கிறேன்.

கிளார்க் தினமும் காலையில் போட்டில் ஏறப் போகும்போது என்னிடம் ஒரு காகிதம் தருகிறான். நாலைந்து எண்தான் இருக்கிறது. வாங்கிக்கொள்கிறேன். அவனோடு இன்னும் பேசவில்லை. அவன் அண்ணாச்சி என்கிறான். நான் அடுத்த லாரியைக் கூப்பிடுகிறேன். முடித்த காகிதத்தைத் தங்கச்சியிடம் கொடுக்கிறேன். தப்பு இருந்தால் தப்பு என்கிறாள். டீ வாங்க வைக்கிறாள்.

போர்டு முடிந்த அன்று வீட்டுக்கு வந்தபோது மனைவி வாசலிலேயே நின்றாள்.

"என்ன சொன்னாங்க?"

"ஃபிட்டுன்னு சொன்னாங்க."

முகம் மலர்ந்தது. நான் செருப்பைக் கழற்றினேன்.

"நான் வேண்டாம்னுட்டேன். கரை வேலைக்கு எழுதி வாங்கிட்டேன்."

அவள் ஆரம்பித்தாள். "டாக்டரே குடுத்தத வேணாம்னு சொல்ல நீங்க யாரு? அவரு படிச்சவரா, நீங்க படிச்சவரா? கிறுக்குப் புடிச்சிருச்சா? கடல்ல இருந்த மனுசன் ஜெட்டியில நின்னு பைக்கத் தள்ளப் போறீங்களா? எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கணும்னு தோணுச்சா?" பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரி வேலிப்பக்கம் வந்து நின்றாள். என் மனைவி அவளையும் பார்த்துக் கத்தினாள். "வேடிக்கையா பாக்குற? பாரு, பாரு."

உடம்பு கெட்டதிலிருந்து அவள் என்னைத் திட்டவே இல்லை. இவ்வளவு நாளும் மெதுவாகப் பேசி, மெதுவாக நடந்து, கண்ணாடிப் பாத்திரம் மாதிரி வைத்திருந்தாள்.

"எங்கிட்ட கேட்டுட்டுத்தான் நீ அவன் ஆபீசுக்குப் போனியா?" என்று நானும் கத்தினேன்.

"ஆமா, போனேன். இன்னும் போவேன். உங்கள மாதிரி கல்லு மாதிரி இருக்கச் சொல்றீங்களா?"

கைகால் கழுவிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன். தட்டை டங்கென்று வைத்தாள். குழம்பு ஊற்றும்போதும் திட்டினாள். நான் சாப்பிட்டுக்கொண்டே பதில் சொன்னேன்.